எண்பது மீட்டர் கிழக்கே

கோட்டம்மா கணினித் திரையில் மூக்கு உரசும்படி உட்கார்ந்து, விரல் நகத்தால் ஒரு நிறப்பட்டையைப் பின்தொடர்கிறார். பட்டை அறுபடும் இடத்தில் நகம் நிற்கிறது. "ஐயா இங்கதான் நழுவுறாரு." நிலப்பிளவுகள் எல்லாமே அவருக்கு ஐயாதான். கேட்டால், "கோபக்காரங்களை மரியாதையா கூப்பிடுறது நல்லது" என்பார்.

பூமியின் இரண்டு பெருந்தட்டுகள் உரசிக்கொள்ளும் மலையடிவாரம் அது. அங்கே இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் பிளவுகளை வரைபடத்தில் ஏற்றுவது அவர் வேலை. செயற்கைக்கோள் ரேடார் மேகம், மழை எதையும் சட்டை செய்யாது. வெவ்வேறு நாட்களில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டால், நிலம் விரலளவு நகர்ந்திருந்தாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் கோட்டம்மாவும் அப்படித்தான்; அலமாரி சற்றே இடம் மாறியிருந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிடுவார். "இவகிட்ட எதை ஒளிக்க முடியும்?" என்று கணவர் பெருமையோடுதான் அலுத்துக்கொள்வார்.

ஆனால் ரேடார் சாய்வாகப் பார்க்கும். ஒரு பக்கத்துப் படத்தில் மட்டும் பார்த்தால் மலைச்சரிவு இடம் மாறித் தெரியும். செயற்கைக்கோள் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த படத்தையும் வைத்துப் பார்க்கவேண்டும். ஆறு வருடத்துக்கு முன் ஏதோ அவசரத்தில் ஒரே படத்தை நம்பி ஒரு பிளவை வரைந்துவிட்டார். போன மாதம் எதிர்ப்பக்கத்துப் படத்தைத் திறந்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். பிளவு அவர் வரைந்த இடத்துக்கு எண்பது மீட்டர் கிழக்கே ஓடியது. அவருடைய வரைபடத்தை நம்பி அதன் மேலேயே பள்ளிக்கூடம் கட்டியிருந்தார்கள்.

மேலதிகாரி நல்ல மனிதர். "புதுத் தகவல் வந்துச்சுன்னு எழுதிடுங்கம்மா. யாரு துருவிக் கேக்கப்போறா?"

"இல்ல சார். நான் பண்ணினது. நானே போய்ச் சொல்றேன்."

விடுமுறை நாளில் சுண்ணாம்புப் பொடிப் பையும் இடங்காட்டும் கருவியுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். பிளவு ஓடும் தடத்தில் பொடியைத் தூவிக்கொண்டே நடந்தார்; வேலியில் தொடங்கிய வெள்ளைக்கோடு விளையாட்டு மைதானத்தைக் கடந்து வகுப்பறை வாசலுக்கு வந்தது. அங்கே தலைமையாசிரியை குறுக்கே நின்றார்.

"உங்க கையெழுத்தைப் பாத்துத்தானே கட்டினோம்?"

"ஆமாங்க. தப்பு என்னோடதுதான். அன்னைக்கு ஒழுங்கா பாக்கல." வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனாலும் குரல் இறங்கவில்லை. "வேற இடம் கிடைக்கிறவரைக்கும் உங்களோட நானும் அலையிறேன். ஆனா நாளைக்கு ஒரு பிள்ளைகூட இங்க உக்காரக்கூடாது."

தலைமையாசிரியை வாசலிலிருந்து வேலிவரை அந்த வெள்ளைக்கோட்டைப் பார்த்தார். பிறகு விலகி வழிவிட்டார். கோட்டம்மா உள்ளே போய், முதல் பெஞ்சை இரண்டு கையாலும் ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு, பொடியை அள்ளிக் கரும்பலகைச் சுவர்வரை கோட்டை இட்டுக்கொண்டே போனார்.