மழைக்கு ஒரு ஜாக்கெட்

ஷூ கம்பெனியில் எனக்குத் தையல் மெஷின். ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் ஜன்னல் பக்கத்து சீட்டு. அந்த சீட்டுக்கு வரப் பல வருஷம் பிடித்தது. முதலில் நூல் வெட்டினேன். பிறகு பசை தடவினேன். ஒரு நாள் ஆள் வரவில்லை என்று மெஷினில் உட்கார வைத்தார்கள். அப்புறம் யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. தையலுக்குச் சம்பளம் கொஞ்சம் ஜாஸ்தி. அதைவிடப் பெரிசு, உட்கார்ந்து செய்கிற வேலை. நூல் வெட்டுகிறவர்கள் நாள் பூரா நிற்க வேண்டும். என் முழங்காலுக்கு அது ஆகாது.

எங்கள் ஊர் ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றுக்கு அந்தப் பக்கம். முன்பு கம்பெனி வேன் வரும். எங்கள் பக்கம் ஆள் கம்மி என்று நிறுத்திவிட்டார்கள். வீட்டில் நானும் மகளும்தான். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் சும்மா கிடந்தது. அவள் இப்போது காட்பாடிக்கு ரயிலில் போய்க் கல்லூரி படிக்கிறாள். சைக்கிளை நான் எடுத்துக்கொண்டேன்.

சைக்கிள் ஓட்டுவதற்கென்று தனித் துணி இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருக்கும். அன்று காலையில் சர்வீஸ் ரோட்டு டீக்கடையில் சைக்கிள் கூட்டம் ஒன்று நிற்கும். வேலூரிலிருந்து வருகிறார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். பச்சை, ஆரஞ்சு என்று உடம்போடு ஒட்டிய சட்டை. என்னைப் பார்த்தால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். நானும் அவர்களைப் போல ஆசைக்கு ஓட்டுகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ. ஒரு நாள் தூறல். அவர்களில் ஒரு பெண் போட்டிருந்த ஜாக்கெட்டின் மேல் தண்ணீர் நிற்கவில்லை. சேப்பங்கிழங்கு இலையில் உருளுகிற மாதிரி உருண்டு கீழே விழுந்தது. நான் சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன். விலை கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டுக் கிளம்பிவிட்டேன். பின்னாலேயே கூப்பிட்டு, ஆன்லைனில் கம்மி விலையிலும் வருகிறது, தேடிப் பாருங்கள் என்றாள். நல்ல பெண்தான்.

முதலில் வாங்கியது வெயிலுக்கு. கையில் மாட்டுகிற உறை. சட்டைக் கையை மட்டும் தனியாக வெட்டி எடுத்தாற்போல, தோளிலிருந்து மணிக்கட்டுவரை. எங்கள் ஊர் சித்திரை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. வேலை விட்டு வரும்போதும் தார் ரோடு கொதிக்கும். என் கைத்தோல் உரிந்து வந்தது. மகள்தான் போனில் தேடி வாங்கினாள். மலிவுதான். மாட்டியதும் கை இறுகியது. காற்று பட்டால் குளிர்ந்தது. அந்தக் கோடை பூரா ஓட்டினேன், தோல் உரியவில்லை. அதில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அது முதலில் வந்ததால்தான் பின்னால் வந்ததெல்லாம்.

அதற்கப்புறம் போனைத் திறந்தாலே சைக்கிள் துணியாக வந்தது. பின்பக்கம் மெத்தை வைத்துத் தைத்த டவுசர் ஒன்று. மகள் காட்டிச் சிரித்தாள். என் பக்கத்து மெஷின் அக்காவிடம் சொன்னேன். என்னைவிடப் பெரியவள், வாய் நீளம்.

“வாங்கிக்கடி,” என்றாள். “சைக்கிளுக்கு மட்டும் இன்னாத்துக்கு? இந்த ஸ்டூலுக்கும் ஆவும். நாலு பேருக்கா ஆர்டர் போடு.”

ஐப்பசியில் மழை பிடித்தது.

அந்தச் சமயம் எங்கள் லைனில் வெளிர் நிறத்தில் ஒரு தோல் ஓடியது. மேலே பூச்சு போடாத தோல். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் வட்டமாகக் கறை நிற்கும். காய்ந்தாலும் போகாது. துடைத்தால் இன்னும் பரவும். நான் நனைந்து போய் உட்கார்ந்தேன். முந்தானையை முறுக்கிப் பிழிந்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். குனிந்து தைக்கும்போது தலைமுடியிலிருந்து சொட்டியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. பீஸ் அடுத்த மெஷினுக்குப் போய், கறையை அங்கே பார்த்தார்கள்.

சூப்பர்வைசர் சின்ன வயசுக்காரர். கத்துகிற ஆள் இல்லை. என் பக்கத்தில் குனிந்து மெல்லச் சொன்னார்.

“அக்கா, இன்னொரு வாட்டி ஈரத்தோட வந்தீங்கன்னா லைன்ல உக்கார வெக்க முடியாது. நூல் வெட்ற டேபிளுக்குத்தான் அனுப்புவேன். அப்பறம் என்ன கேக்காதீங்க.”

மாற்றுத்துணி எடுத்துப்போய்ப் பார்த்தேன். பையைக் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். கேட்டுக்கு வெளியே மாற்ற இடம் இல்லை. கடைத்தெருவில் விற்கிற நீள மழைக்கோட்டும் போட்டுப் பார்த்தேன். பாலத்தின்மேல் காற்றில் பறந்து பின்சக்கரத்தில் சிக்கியது. விழுந்தேன். பின்னால் லாரி வராததால் இதை எழுதுகிறேன். குடை பிடித்து ஒரு கையால் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தைரியம் இல்லை.

அதனால் மகளிடம் சொன்னேன், அந்தப் பெண் போட்டிருந்த மாதிரி ஒன்று பார், விலை மட்டும் அந்த மாதிரி வேண்டாம் என்று. மகள் பொறுமையாகத் தேடினாள். வாங்கியவர்கள் எழுதியதைப் படித்துக் காட்டினாள். ஒருவர் மலை ஏறினாராம், நனையவில்லையாம். ஒருவர் நூறு மைல் ஓட்டினாராம். வேலைக்குப் போகிறவர் யாரும் எழுதவில்லை. தொப்பியோடு ஒன்று, முதுகுப்பக்கம் இறங்கினாற்போல் இருந்தது. கறுப்பு. அதற்கு ஆர்டர் போட்டோம். விலை குறைந்த நேரம் பார்த்துத்தான் போட்டோம்.

பார்சல் வந்த அன்று நான் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன். கைகூடக் கழுவவில்லை. வேலைத் துணிமேலேயே மாட்டிப் பார்த்தேன். ஆம்பளைக்கு வெட்டியது. தோள் சரியாக இருந்தது. நெஞ்சில் ஜிப் ஏறவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டால் ஏறியது. ஹேண்டில் பிடிக்கிற மாதிரி கையை நீட்டினால் அக்குள் இழுத்தது. வீட்டுக்குள் அதோடு நடந்தேன். அவிழ்க்க மனசில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை மகள் தோளில் ஊற்றினாள். உருண்டு ஓடியது. இரண்டு பேரும் சிரித்தோம்.

பெரிய சைஸ் கேட்டுத் திருப்பி அனுப்பினோம். எடுக்க ஆள் வரும்வரை வேலைத் துணி மாட்டுகிற ஆணியிலேயே அது தொங்கியது. ஆள் வந்தார், வாங்கிக்கொண்டு போனார். அவரும் உள்ளூர்க்காரர்தான். ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். அதே கறுப்பு ஜாக்கெட் அதே பையில் திரும்பி வந்தது. மகள் போனைப் பார்த்தாள். நான் அடுப்பில் இருந்தேன்.

“எடுத்துக்க மாட்டாங்களாம்மா. யூஸ் பண்ணதுன்னு போட்ருக்கான்.”

“எங்கடி யூஸ் பண்ணோம்?”

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்.

“நாத்தம் வருதுன்னு போட்ருக்கான்.”

அடுப்பை அணைத்துவிட்டு வந்து மோந்து பார்த்தேன். புதுத் துணி வாசனைதான் அடித்தது. அக்குள், கழுத்து, உள்பக்கம் எல்லாம் பார்த்தேன். அவளிடம் நீட்டினேன். அவளும் மோந்தாள்.

“எனக்கும் ஒண்ணும் தெரியல,” என்றாள். பிறகு, “நமக்குத் தெரியாதும்மா.”

தோல் வாசனை. பசை வாசனை. நாங்கள் அதில்தான் இருக்கிறோம். கம்பெனியில் அது, வரும் வழியில் அது, காற்று திரும்பினால் வீட்டிலும் அது. எங்கோ ஒரு குடோனில் பையைப் பிரித்தவருக்கு அது மூக்கில் ஏறியிருக்கிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு பையை மூடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த நாளிலிருந்து மகள் கல்லூரித் துணியை பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் தனியாக வைத்தாள்.  

இன்னொன்று வாங்கலாம்தான். அவளுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டுகிற மாசம் அது. மழை அதற்காக நிற்காது.

நான் தையல்காரி. ஜிப் ஏறாவிட்டால் பக்கத்தைப் பிரித்துத் துண்டு கொடுக்க வேண்டியதுதானே என்று தோன்றியது. பழைய குடை ஒன்று கம்பி ஒடிந்து கிடந்தது. குடைத் துணியும் மழைக்குத்தான். இரண்டு நீளத் துண்டு வெட்டினேன். வீட்டில் கால்மெஷின் இருக்கிறது.

ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பிரித்தேன். உள்பக்கம் தையல் நெடுக ஒரு டேப் ஒட்டியிருந்தது. மெல்லிசாக, கண்ணாடி மாதிரி. எங்கள் வேலையிலும் டேப் உண்டு. வளைவு வருகிற இடத்தில் தோல் இழுபடாமல் இருக்கத் தையலுக்கு உள்ளே ஒட்டுவோம். பலத்துக்கு. இதுவும் பலத்துக்கு என்றுதான் நினைத்தேன். மலிவுச் சாமான், தையல் நிற்காதென்று பயந்து ஒட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். என் தையலுக்கு டேப் வேண்டாம். பூராவும் உரித்துப் போட்டேன். நெருக்கமாக, இரட்டைத் தையல் போட்டேன். லைனில் போடுவதைவிட நெருக்கம். போட்டுப் பார்த்தேன். ஜிப் சுலபமாக ஏறியது. கை நீட்டினால் இழுக்கவில்லை. மகள் சுற்றி வந்து பார்த்து, கடையில் வாங்கினது மாதிரியே இருக்குது என்றாள்.

பக்கத்து மெஷின் அக்காவிடம் மறுநாள் சொன்னேன். “அப்ப மழ வரட்டும், பாப்போம்,” என்றாள்.

வந்தது. விடியும்போதே வானம் இருட்டிக்கொண்டு பெய்தது. எனக்கு அன்று பயமே இல்லை. தொப்பியை இழுத்து முடிந்துகொண்டு கிளம்பினேன். பாலத்தில் காற்று அடித்தது, ஜாக்கெட் பறக்கவில்லை. முகத்திலும் காலிலும் மட்டும் மழை. புடவைக் கரை நனைந்தால் பரவாயில்லை, அது மெஷினுக்கு அடியில்தான் இருக்கும். தலை நனையவில்லை, தோள் நனையவில்லை. வழியில் மரத்தடியில் ஒதுங்கி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் நிற்காமல் மிதித்தேன். எனக்கு அன்று கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

கேட்டில் நிறுத்தி ஜாக்கெட்டைக் கழற்றினேன். விலாவில் இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. அக்குளிலிருந்து இடுப்புவரை, நேராக, பக்கத்துக்கு இரண்டாக நான்கு கோடு. என் தையல் போன இடம் எங்கெங்கே என்று கண்ணால் பார்க்கலாம். ஜாக்கெட்டுக்குள் வேறெங்கும் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆனால் அந்தக் கோடுகளிலிருந்து தண்ணீர் இறங்கி இடுப்பில் என் புடவை ஊறியிருந்தது.

அப்போதுதான் புரிந்தது. தோலில் ஊசி போனால் நூல் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். தோலே கொஞ்சம் மூடிக்கொள்ளும். இந்தத் துணி அப்படி இல்லை. குத்தினால் குத்தினதுதான். அந்த ஓட்டையை மூடத்தான் டேப். நான் எத்தனை நெருக்கமாகத் தைத்தேனோ அத்தனை ஓட்டை.

சூப்பர்வைசர் லைன் முனையில் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு என் இடுப்பைப் பார்த்தார்.

“ஜாக்கெட் வாங்கிட்டேன்னு சொன்னீங்களேக்கா.”

வாங்கினேன் என்றேன். கையில் பிடித்திருந்தேன்.

“நான் இன்னா பண்றது, சொல்லுங்க,” என்றார்.

நான் ஜாக்கெட்டை மடித்தேன். சொன்னால் எங்கிருந்து சொல்வது? அவரே போய் நூல் வெட்டுகிற டேபிளில் சொல்லிவிட்டு வந்தார். மழை விடுகிறவரைக்கும் அங்கே இருங்கள் என்றார். என் மெஷினில் ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பெண் ஒருத்தியை உட்கார வைத்தார். ஹாஸ்டல் கம்பெனிக்குப் பின்னாலேயே இருக்கிறது. அவள் மேல் ஒரு தூறல் படாது. அவள் ஸ்டூலின் உயரத்தைக் குறைத்துக்கொண்டாள்.  மதியம் சாப்பிடும்போது பக்கத்து மெஷின் அக்கா தன் முட்டையை என் டப்பாவில் வைத்தாள்.

கார்த்திகையோடு மழை விட்டது. சீட்டைக் கேட்டேன். அந்தப் பெண் வேகமாகத் தைக்கிறாள், பார்க்கலாம் என்றார் சூப்பர்வைசர். அவர் சொன்னது பொய் இல்லை. அவள் வேகம்தான். மறுபடியும் ஒரு முறை கேட்டேன். அதே பதில். அப்புறம் கேட்கவில்லை.

மார்கழியில் பனி. எதிரே வருகிற வண்டி தெரியாது. விரல் விறைத்துப்போய்க் கத்தரிக்கோல் பிடிபட நேரமாகும். மகள் என்னைக் கேட்காமலேயே ஒரு ஜோடி கையுறை வாங்கியிருந்தாள், சைக்கிளுக்கென்று. பிரித்தால் விரல் பாதியோடு வெட்டி இருந்தது. உள்ளங்கைக்கு மெத்தை, விரல் நுனிக்கு ஒன்றும் இல்லை. அவர்களுக்கு விரல் நுனி வேண்டாம் போலிருக்கிறது. திருப்பி அனுப்பட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அவளுக்கும் தெரியும் ஏன் என்று.

ஒரு நாள் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அம்மா, ஜாக்கெட்டுக்கு எத்தன ஸ்டார்னு கேக்குறான். ஒண்ணு போடவா?”

“அது மேல இன்னா குத்தம்? நனைஞ்சது நான் தச்ச எடம். அவன் தச்ச எடம் நனையலையே. அஞ்சி போடு.”

“நெஜமாவா?”

“போடு.”

அவள் போட்டாளா என்று நான் பார்க்கவில்லை.

இப்போது நான் நின்றுதான் வேலை செய்கிறேன். சாயங்காலம் முழங்கால் வீங்கும். சைக்கிள் மிதித்தால் கொஞ்சம் இறங்கும், அதனால் மிதிக்கிறேன். நூல் வெட்டுகிற டேபிளுக்குத் தைத்து முடித்து, பூச்சு அடித்த பீஸ்தான் வரும். ஈரம் பட்டால் துடைத்துவிடலாம். நனைந்து போனாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

கம்பெனி சைக்கிள் நிறுத்துமிடத்துக்குக் கூரை கிடையாது. தூறல் போட்டால் ஜாக்கெட்டைக் கழற்றி சீட்டின்மேல் போட்டு, அதன் கையிரண்டையும் அடியில் முடிந்துவிட்டு உள்ளே போகிறேன். அதில் தையல் இல்லாத முதுகுப்பக்கம் மேலே வருகிற மாதிரி பார்த்துப் போடுவேன். சீட்டு நனைவதில்லை.