கை நனைக்கப் போன வீட்டில் அத்தோ

சென்ற புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மகனுக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டுக்கு, ராஜபாளையத்திலிருந்து நானும் என் மனைவியும் கை நனைக்கப் போயிருந்தோம். எங்கள் பக்கம், சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் சாப்பிட மாட்டோம். சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். இலையை ஒதுக்கினால் வேண்டாம் என்று பொருள்.

எனக்கோ சோயா ஒவ்வாது. துளி உள்ளே போனாலும் உதடு தடித்துத் தொண்டை அடைக்கும். இதை அந்த வீட்டில் நான் சொல்லவில்லை. பரம்பரை நோயோ என்று நினைத்துச் சம்பந்தத்தையே விட்டுவிடுவார்களோ என்ற பயம்.

பெண்ணின் அம்மா பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். எங்களுக்காக அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், செய்யப்போவதாகச் சொல்லியிருந்தார். நூடுல்ஸ் என்றாலே சோயா சாஸ் என்பது என் கணக்கு. முந்தின நாளே போன் செய்து, "புரட்டாசி சனிக்கிழமைம்மா, சாதாரணச் சைவச் சாப்பாடே போதும்" என்று தப்பித்துவிட்டேன். அப்படியும் மனம் கேளாமல், பஸ்ஸில் சட்டைப்பையைத் தடவித் தடவி ஒவ்வாமை மாத்திரைகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.

"எண்ணினா அது என்ன குட்டியா போடப் போகுது?" என்றாள் மனைவி.

இலையில் ஆறு பதார்த்தங்கள் விழுந்தன. ஏழாவதாகப் பெண்ணின் அம்மா ஒரு கரண்டிக் குழம்போடு வந்தார்.

"கறி இல்லாத குறை தெரியக்கூடாதுன்னு உங்களுக்குன்னே வச்சேன் அண்ணாச்சி. மீல்மேக்கர் குழம்பு."

மீல்மேக்கர் முழுக்க முழுக்கச் சோயா! என் கை தானாகவே இலையை மறைத்தது.

"என்ன அண்ணாச்சி, எங்க சம்பந்தம் பிடிக்கலையா?" என்றார் பெண்ணின் அப்பா. குரல் இறங்கியிருந்தது. அடுக்களை வாசலில் நின்ற பெண்ணின் முகமும் வாடிவிட்டது.

இனி மறைத்துப் பயனில்லை. சொல்லிவிட்டேன்.

பெண்ணின் அம்மா கரண்டியும் கையுமாகச் சிரிக்க ஆரம்பித்தார். "இதுக்கா இம்புட்டுப் பயம்?" என்றவர், கணவரைக் கைகாட்டினார். "இவியளுக்கு நண்டு ஆகாது. தின்னா மூஞ்சி பூசணிக்காயா வீங்கிரும். நாங்களும் உங்ககிட்ட மறைச்சுத்தான் வச்சிருந்தோம்!"

"ஏட்டி, அதை ஏன் இப்பச் சொல்லுத?" என்று தலையில் கை வைத்தார் அவர் கணவர்.

"செத்த நேரம் பொறுங்க, அத்தோவே பண்ணித் தாரேன்" என்று இலையை மாற்றினார் அந்த அம்மா. கையைக் கழுவி, குழம்பு படாத வேறு சட்டியையும் கரண்டியையும் சோப்புப் போட்டுத் தேய்த்தார். எண்ணெய் டின், நூடுல்ஸ் பாக்கெட் எல்லாவற்றையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்து ஒன்று விடாமல் படித்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர் செய்யும் அத்தோவில் சோயா சாஸே கிடையாதாம். புளித்தண்ணீர், வறுத்த கடலைமாவு, பொரித்த வெங்காயம், பூண்டு, முட்டைக்கோஸ் சேர்த்துக் கையாலேயே பிசைந்து வைத்தார். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப்.

முதல் வாய் சாப்பிட்டுவிட்டு உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"என்னங்க, உதட்டை விட்டுட்டுச் சாப்பாட்டைத் தொடுங்க" என்றாள் மனைவி. பெண் சிரித்தே விட்டாள். நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பயந்து ஒதுக்கிய உணவு எனக்கு ஒத்துக்கொண்டது. பத்திரம் என்று நானே கேட்டு வாங்கிய சாப்பாட்டில்தான் ஆபத்து இருந்தது. ஆகாததை ஒளித்து வைத்திருந்த இரண்டு வீட்டாரும், அதை வாய்விட்டுச் சொல்லிச் சிரித்த அந்த நேரத்தில்தான் உண்மையில் சம்பந்திகளானோம் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.