ருஹோகோவின் விலாவில் ஒரு கதவு

அந்த விவசாயத் தொழில்நுட்பக் கல்லூரியின் வாசலில் ஒரு பலகை உண்டு. 'செயல்முறைப் பயிற்சி வசதிகள்' என்று தலைப்புப் போட்டு, டிராக்டர் பட்டறை, குஞ்சு பொரிப்பகம், சாண எரிவாயுக் கலன், பால் பதனிடும் கூடம் என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'வயிற்றில் துளையிட்ட எருது, ஒன்று' என்று முடித்திருப்பார்கள். டிராக்டர் பட்டறையில் டிராக்டர் கிடையாது. குஞ்சு பொரிப்பகத்துக்கு மின்சாரம் வந்தால் உண்டு. கடைசி வசதி மட்டும் பதினோரு வருஷமாக ஒரு நாளும் பழுதானதில்லை. அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பிகிர்வா.

அந்த எருது ஒரு காலத்தில் அவருடையது. இதைக் கல்லூரியில் எல்லோரும் மறந்துவிட்டார்கள், அவரைத் தவிர.

மாடுகளுக்கு நுரையீரல் நோய் வந்த வருஷம் அங்கோலே நாட்டில் பல பட்டிகள் காலியாயின. நாற்பது மாடு வைத்திருந்த பிகிர்வாவுக்கு மூன்று பசுவும் ஒரு காயடித்த காளையும் மிஞ்சின. காளைக்கு நான்கு வயது. கரும்பழுப்பு நிறம், நெய் தடவியதைப்போல் மினுக்கும் உடம்பு, இரண்டு கையையும் விரித்தாலும் எட்டாத கொம்பு. அந்த நிறத்துக் காளையை அங்கே ருஹோகோ என்றுதான் கூப்பிடுவார்கள். மாடு போன மனிதனை யார் மதிக்கிறார்கள்? வழியில் பார்க்கிறவர்கள் முதலில் மாடுகளின் நலத்தைக் கேட்டுவிட்டுத்தான் பிள்ளைகளின் நலத்தைக் கேட்பார்கள். நாற்பது மாட்டுக்கு நலம் சொன்ன வாயால் நாலு மாட்டுக்குச் சொல்ல வெட்கப்பட்டு, பிகிர்வா கூட்டத்தைக் கண்டால் புதருக்குள் வழி மாறிப் போனார்.

அப்போதுதான் கல்லூரிக்காரர்கள் வந்தார்கள். பெரிய உடம்பு, சாதுவான குணம் உள்ள எருது வேண்டும். மாணவர்கள் கை வைத்துப் பழக. எருதைக் கொடுத்தால் அதைப் பார்த்துக்கொள்ள அவருக்கே நிரந்தர வேலை.

கை வைத்துப் பழகுவது என்றால் என்ன? பல்லைப் பார்ப்பார்கள், திமிலைத் தடவுவார்கள், நாடா வைத்து அளப்பார்கள். நல்ல மாட்டின் மேல் நாலு பேர் கை படுவது மரியாதைதானே. பிகிர்வா அப்படித்தான் நினைத்தார், சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் தலைநகரிலிருந்து ஒரு வைத்தியர் வந்தார். "மாடு அசையாம பாத்துக்குங்க பெரியவரே, ஒரு சின்ன வைத்தியம்" என்றார். பிகிர்வா கொம்பைப் பிடித்துக்கொண்டு, ருஹோகோவின் காதில் அவனுடைய அழகை, அவன் தாயின் அழகை, அவன் குடித்த ஊற்றுகளின் பேரை, தங்கள் வழக்கப்படி அடுக்கிச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவன் நின்றான். மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள், அசைபோட்டுக்கொண்டே நின்றான். வேலை முடிந்து அவர் திரும்பிப் பார்த்தபோது இடது விலாவில் ஒரு ரப்பர் வளையம், அதற்கு ஒரு மூடி. மூடியைத் திறந்து ஒருவர் முழங்கை வரை கையை விட்டு, அரைபட்ட புல்லை ஆவி பறக்க அள்ளிக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

பிகிர்வா மாட்டுக் கொட்டகையின் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

அன்றே ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். கிளம்பினால் ருஹோகோ தனியாகிவிடுவான். அதனால் அந்தப் பாவி மனிதர் இருந்துவிட்டார். சொல்லப்போனால் அவர் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

தினமும் காலையில் வெந்நீரால் வளையத்தைச் சுற்றித் துடைப்பார். ஈ மொய்க்காமல் களிம்பு போடுவார். மாட்டு வயிற்றில் புல் செரிப்பதைப் படிக்கப் பத்து மணிக்கு வகுப்பு வரும். தோள் வரை உறை மாட்டிக்கொண்ட பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையை விடுவார்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் மூக்கைப் பொத்துவார்கள். பிகிர்வா அவர்களுக்கு முதுகைக் காட்டி, எருதின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பார். பதினோரு வருஷத்தில் ஒரு மாணவன் முகத்தைக்கூட அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை.

பட்டறையில் வேலை செய்த ஒகெல்லோ வடக்குச் சீமைக்காரன், வாய்த்துடுக்கு அதிகம். "என்ன அண்ணே, உங்க மாட்டுக் கதவைச் சாத்திட்டீங்களா? காத்தடிக்குதே!" என்பான்.

"உன் பட்டறைக் கதவைத் தொறந்து வெச்சு என்ன இருக்கு உள்ள? என் மாட்டுக்குள்ளயாவது புல்லு இருக்கு."

"அது சரி, எங்களுக்கு டிராக்டரும் இல்ல, புல்லும் இல்ல!"

இப்படிச் சிரித்துப் பேசுகிற மனிதர் மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது வேறு ஆளாகிவிடுவார். அவருடைய மலையில் எல்லோருக்கும் ருஹோகோவைத் தெரியும். அவன் பிறந்த அன்று பால் குடித்து வாழ்த்தியவர்கள். "ருஹோகோ எப்படி இருக்கான்?" என்பார்கள்.

"அவனுக்கென்ன, மந்தைக்கே தலைவன். அவன் தண்ணி குடிச்ச பொறவுதான் மத்ததெல்லாம் வாய் வைக்கும்."

மனைவி கெமிரெம்பேயிடமும் இதே கதைதான். மந்தையும் கிடையாது, தலைமையும் கிடையாது. சிமெண்டுத் தரை, இரும்புக் கம்பி, ஒற்றை எருது. ஒரு பொய்யைப் பதினோரு வருஷம் வளர்த்ததில் அதற்கும் கொம்பு முளைத்துவிட்டது. விலாவில் ஓட்டை போட விட்டவன் என்று ஊர் சொல்லிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு தண்ணீர்த் துறையில் நிற்பது? அவருக்கு அந்தப் பயம் சாவுப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஓய்வு பெறும் வயது வந்தது. கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். வழக்கமாக மெத்தையோ ரேடியோவோ கேட்பார்கள்.

"ருஹோகோவைக் குடுத்துடுங்க ஐயா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

முதல்வர் யோசிக்கவே இல்லை. புதிதாக ஓர் இளம் எருதுக்குத் துளையிட ஏற்பாடாகியிருந்தது. ருஹோகோவுக்குப் பதினைந்து வயது. "தாராளமாக் கூட்டிட்டுப் போங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பிகிர்வா ஒகெல்லோவின் போனை வாங்கி மனைவியைக் கூப்பிட்டார். "அவனைக் கூட்டிட்டு வரேன்" என்றார். அந்தப் பக்கம் கெமிரெம்பே சந்தோஷக் குலவை போட்டது ஒகெல்லோவுக்கே கேட்டது.

கால்நடைப் பிரிவின் டாக்டர் க்யாரிசீமா அப்போது கொட்டகைக்கு வந்தாள். நல்ல பெண். பாடம் முடிந்ததும் எருதைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிற ஒரே ஆசிரியை.

"பெரியவரே, ரெண்டு மூடி அதிகமாத் தரேன். களிம்பும் தரேன். கழுவறது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். இன்னும் நாலு வருஷம் சௌக்கியமா இருப்பான்."

"மூடி வேணாம் டாக்டரம்மா. ஓட்டையைத் தைச்சு மூடிடுங்க."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "எதுக்கு? அது அவனுக்கு வலிக்கல. பழகிட்டான்."

"அவன் பழகிட்டான்."

"இந்த வயசுல மூடறது ஆபத்து. வளையத்தை எடுத்து, உள்ள ஒட்டியிருக்கறதைப் பிரிச்சு, தைக்கணும். சீழ் பிடிச்சா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. அப்படியே கூட்டிட்டுப் போங்க. என் பேச்சைக் கேளுங்க."

"டாக்டரம்மா, நூறு மாட்டுக்கு நடுவுல அவன் போய் நிக்கணும். எங்க ஆளுங்க மாட்டைச் சுத்திச் சுத்திப் பாப்பாங்க. வலது பக்கம் பாத்துட்டு இடது பக்கம் வருவாங்க. அப்ப நான் என்ன சொல்றது?"

"உண்மையைச் சொல்லுங்களேன்."

"உங்களுக்குப் புரியாது" என்றார் பிகிர்வா. அவளும் மாட்டுக்காரக் குடும்பத்தில் பிறந்தவள்தான். அவளுக்குப் புரிந்தது. அதனால்தான் மேற்கொண்டு வாதாடவில்லை என்று நினைக்கிறேன்.

தையல் போடுவதும் ஒரு வகுப்பாயிற்று. இறுதியாண்டு மாணவர்கள் சுற்றி நின்று குறிப்பெடுத்தார்கள். பிகிர்வா கொம்பைப் பிடித்துக்கொண்டார். ருஹோகோ அவரை நம்பி, காதைக்கூட ஆட்டாமல் நின்றான். முடிந்ததும் அவர் முதன்முறையாக எல்லோர் எதிரிலும் இடது பக்கம் போய் நின்று பார்த்தார். ஒரு கோணல் தையல்கோடு, அவ்வளவுதான். முடி வளர்ந்தால் அதுவும் மறைந்துவிடும். அன்று பூராவும் அவர் முகத்தில் இருந்த பூரிப்பைக் கண்டு ஒகெல்லோ கிண்டல் செய்யவும் மறந்துவிட்டான்.

நான்காம் நாள் எருது தீனி தொடவில்லை. ஐந்தாம் நாள் உடம்பு கொதித்தது. க்யாரிசீமா ஊசிமேல் ஊசி போட்டாள். தையலின் ஒரு பக்கத்தைப் பிரித்து, உள்ளே கழுவிவிட்டாள். ஆறாம் நாள் உச்சி வெயிலில் ருஹோகோ முன்னங்காலை மடித்துப் படுத்தான். தலையைத் தாங்க முடியாமல் கொம்பு மண்ணில் ஊன்றியது. பிகிர்வா அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வாழ்த்திச் சொல்ல வாய் எடுத்தார். சின்னப் பிள்ளைபோல் வாய்விட்டு அழுதார். அழட்டுமே, யார் என்ன சொல்ல முடியும்?

கல்லூரி வேலியோரம் குழி வெட்டினார்கள். ஒகெல்லோ ஒருவனே பாதிக் குழி வெட்டினான்.

மறுநாள் பிகிர்வா வேன் ஏறினார். வழியெல்லாம் கதை கட்டிக்கொண்டே போனார். பாம்பு கடித்தது என்று சொல்லலாம். புல்வெளியில், மந்தைக்கு முன்னால் போகும்போது, எல்லா மாட்டையும் காப்பாற்றிவிட்டு விழுந்தான் என்று சொல்லலாம். இறங்கும்போது கதை ஓட்டையில்லாமல் தயாராக இருந்தது.

முள்வேலிக்குள் நுழைந்ததும் அவர் கண்ணில் பட்டது ஒரு புதுக் கொட்டகை. அந்த ஊரில் மாட்டுக்கு யாரும் கூரை போடுவதில்லை, கன்றுகளுக்குத்தான் போடுவார்கள். இதுவோ உயரமான கூரை, நீண்ட கொம்பு இடிக்காத உயரம். இடது பக்கம் மட்டும் தரைவரை அடர்த்தியாகப் புல் வேய்ந்திருந்தார்கள்.

கெமிரெம்பே பால் செம்போடு வந்தாள். அவர் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன கொட்டாய்?" என்றார்.

"அவனுக்குத்தான். அக்கம்பக்கத்து ஆம்பளைங்க எல்லாரும் சேந்து ரெண்டே நாள்ல போட்டுக் குடுத்தாங்க. மழை இந்தப் பக்கமாத்தானே அடிக்கும்? தண்ணி உள்ள போயிடக் கூடாதுல்ல."

"எதுக்குள்ள?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நம்ம மலையில இருக்கற ருகுண்டா மகன் உங்க காலேஜுலதான் படிச்சான். ஏழு வருஷம் ஆச்சு. அவனும் கையை விட்டுப் பாத்தானாம். வந்து சொல்லிட்டு அழுதான். நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு ஊர்ல யாரும் உங்ககிட்டக் கேக்கல, அவ்வளவுதான். போகட்டும். எங்க அவன்? லாரியில பின்னாடி வரானா?"

கட்டி வைத்திருந்த கதையில் ஒரு வரிகூட பிகிர்வாவுக்கு நினைவு வரவில்லை. அந்தக் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மூடச் சொன்னேன், கெமிரெம்பே" என்றார். "டாக்டரம்மா வேணாம்னுதான் சொன்னா. நான்தான் மூடச் சொன்னேன்."