குடிலில் தொங்கிய பத்துச் சீடிகள்

மார்கழி மாதத்து ஒரு சனிக்கிழமை பின்னேரம். எங்கள் தமிழ்ப் பங்கு மக்கள் கூடும் கோவிலில் பாலன் குடில் கட்டி முடித்திருந்தார்கள். வைக்கோல், காகித மலை, பஞ்சுப் பனி எல்லாம் வழக்கம்போல. குடிலுக்கு மேலே மட்டும் அந்த வருடம் புதிதாகப் பத்துத் தங்க நிற வட்டங்கள் தங்கூசி நூலில் தொங்கிச் சுழன்றுகொண்டிருந்தன. ஒரு பக்கம் திரும்பும்போது மின்னின. மறுபக்கம் திரும்பும்போது கறுப்புப் பேனையால் எழுதிய எழுத்துத் தெரிந்தது. கிட்டப் போய் வாசித்தேன். அப்படியே நின்றுவிட்டேன். அவை நான் வேலை செய்யும் இடத்துச் சீடிகள். கட்டடத்தை விட்டு வெளியே வரவே கூடாதவை.

குடில் வேலைக்குப் பொறுப்பான அன்ரி, நான் வியந்துபோய் நிற்பதாக நினைத்துக்கொண்டார்.

"உன்ரை அம்மா கொண்டுவந்த நட்சத்திரம், பிள்ளை. கடையிலையும் இப்பிடிக் கிடையாது."

ஏணியில் நின்ற அவருடைய கணவர் கீழே பார்த்துச் சொன்னார்: "பெத்லகேமிலை இப்பிடிப் பத்து நிண்டிருந்தா மூண்டு ராசாக்களும் மூண்டு திக்கிலை போயிருப்பினம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே, யார் யார் கமராவோடு நிற்கிறார்கள் என்று பார்த்தேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. கனடாவின் மொன்றியலில் ஒரு வீடியோ விளையாட்டு நிறுவனத்தில் நான் சோதனையாளராக இருந்தேன். இன்னும் செய்து முடியாத விளையாட்டைக் காலையிலிருந்து மாலைவரை விளையாடி, எங்கே பிழைக்கிறது என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அம்மா அதே கட்டடத்தில் ஓர் ஒப்பந்தக்காரரின் கீழ் துப்புரவு வேலை செய்தார். அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று முதலில் சொன்னதே அம்மாதான். பெரிய ஆட்கள் குந்தியிருந்து நாள் முழுக்க விளையாடுகிறார்கள், அதற்குச் சம்பளமாம், படித்த உன்னை எடுக்க மாட்டார்களா என்று கேட்டார். எடுத்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். மன்னாரில் அம்மா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதில்லை. ஒன்பது வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம் நான்தான் வாசித்துச் சொன்னேன். வேலையில் சேர்ந்த அன்று, இரகசியம் காப்பேன் என்ற பன்னிரண்டு பக்கப் பத்திரத்தைக் கடைசி வரி வரை வாசித்த பிறகே கையெழுத்து வைத்தேன். என்னோடு சேர்ந்தவர்கள் ஒருவரும் வாசிக்கவில்லை. அதில் எனக்குப் பெருமையாக இருந்தது. அதனால்தான் அந்தச் சீடிகளால் என்ன வரும் என்பது அன்று கோவிலில் நின்ற எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒரு விளையாட்டு வளர வளர, அன்றன்று உள்ளபடியே அதைச் சீடியில் பதிந்து சோதனைக்குத் தருவார்கள். அதைப் 'பில்ட்' என்போம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கும். வேலை முடிந்ததும் பூட்டிய பெட்டிக்குள் போட வேண்டும். பிறகு அரைத்து அழித்துவிடுவார்கள். நான் மூன்று மாதம் சோதித்த விளையாட்டை நிறுவனம் கார்த்திகையில் கைவிட்டது. அதைச் செய்த குழுவை ஒரே காலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். போகிற அவசரத்தில் யாரோ மேசை லாச்சியில் கிடந்ததையெல்லாம் குப்பைக் கூடையில் கொட்டியிருக்கிறார்கள். குப்பையை எடுத்தவர் அம்மா. எழுத்து அவருக்கு விளங்கவில்லை, தங்க நிறம் விளங்கியது. குடிலுக்கு மினுங்குகிற சாமான் ஏதும் கிடைத்தால் கொண்டுவரச் சொல்லி அன்ரி கேட்டிருந்தார்.

நூல் அறுந்தால் மாதாவின் சொரூபத்தில் விழுந்து உடைத்துவிடும் என்று அன்ரியிடம் பொய் சொன்னேன். டொலர் கடையில் நட்சத்திரம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பத்தையும் இறக்கிப் பைக்குள் வைத்தேன். நாங்கள் இருந்த வில்லரேக்கு வரும் பேருந்தில், கூட வந்த அம்மாவுக்கு அவை என்ன என்று சொன்னேன். வீட்டுக் கதவைச் சாத்தியதும் கேட்டார்.

"குப்பையிலை போட்டதைத்தானே எடுத்தனான். அது களவே?"

"அவையளுக்கு அது களவுதான், அம்மா."

அம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். என் வேலை போனால் நான் வேறு தேடிக்கொள்வேன். ஐம்பத்தைந்து வயதில், பிரெஞ்சும் தெரியாமல் ஆங்கிலமும் தெரியாமல், களவெடுத்தவர் என்ற பெயரோடு போனால் அம்மாவை யார் எடுப்பார்கள்?

உடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மேசையில் இருந்தேன். ஒவ்வொன்றாக எண்களைப் பார்த்துக்கொண்டு போனபோது பத்தாவதில் கை நின்றது. கைவிடுவதற்கு முதல் நாள் பதிந்தது அது. கடைசிப் பில்ட்.

விளையாட்டின் முடிவில், அதைச் செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடும். சோதனையாளர்களின் பெயர்களும் வரும். என் பெயர் நீளமானது. அப்பாவின் பெயரையும் சேர்த்தால் திரையின் விளிம்பைத் தாண்டி வெட்டுப்பட்டுப் போனது. அதையும் ஒரு பிழையாகப் பதிந்து அனுப்பினேன். அதைத் திருத்த வேண்டியவர் சிரித்தாராம். ஆனாலும் திருத்தினார். அந்தக் கடைசிப் பில்டில் என் பெயர் முழுதாக ஓடியது. எங்கள் பரம்பரையில் ஒருவருடைய பெயரையும் நான் அச்சில் கண்டதில்லை, பாஸ்போட்டிலும் மரண அறிவித்தலிலும் தவிர.

வெளிவராமல் போன இப்படியான பில்டுகளைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள் என்று வேலைக்கு வந்த பிறகுதான் அறிந்திருந்தேன். மூடிய அலுவலகங்களின் பெட்டிகளிலும் பழைய சாமான் சந்தைகளிலும் தேடுவார்களாம். அவர்கள் இணையத்தில் எழுதுவதை, யாரும் பின்னால் நிற்கிறார்களா என்று பார்த்துப் பார்த்து வாசித்திருக்கிறேன். வீட்டில் பதிகிற மாதிரியான சீடிகள் நாள்பட்டால் தானாகவே பழுதாகிவிடும், கையில் கிடைத்ததும் பிரதி எடுத்துவிட வேண்டும் என்பார்கள். அலுவலகக் கணினிகளில் இருந்த மிச்சத்தையும் அழித்துவிட்டதாகப் பேச்சு. அப்படியானால் உலகத்தில் இது ஒன்றுதான். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

மினுக்கம் போதாது என்று அம்மா பளபளப்புத் தூள் கலந்த பசையை வேறு தடவியிருந்தார். சவர்க்காரத் தண்ணீரில் பஞ்சைத் தோய்த்து, அந்தப் பத்தாவதை மட்டும் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் தேய்த்தால் கீறல் பதிவின் போக்கிலேயே போய் வாசிக்க முடியாமல் பண்ணிவிடும். சோதனைக்கென்று செய்த விளையாட்டுப் பெட்டியான கொன்சோலில்தான் அது ஓடும், வீட்டுக் கணினியில் பிரதி மட்டும் எடுக்கலாம். பிரதி எழுபது வீதத்தில் நின்றுவிட்டது. சீடி உள்ளே கறகறவென்று சுற்றியது. படியில் காலடி கேட்டதும் திரையை அணைத்தேன். மேல்வீட்டுக்காரர் தன் கதவைத் திறக்கும் சத்தம் வந்த பிறகுதான் திரும்பப் போட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து இரண்டு தரம் வந்து பார்த்தார். சீடியை எடுத்து மறுபடி துடைத்துப் போட்டேன். நாலு மணிக்கு வெளியே இருட்டத் தொடங்கியபோது பிரதி முடிந்தது.

திங்கள் காலை எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்திருந்தது. அரைப்பதற்கு எண்ணிப் பார்த்தபோது, கைவிட்ட விளையாட்டின் பத்துச் சீடிகளைக் காணவில்லையாம். அந்த மாடிக்குப் போனவர்களை விசாரிப்பார்கள், முதலில் துப்புரவு செய்பவர்களை. மதியத்துக்குள் ஒப்பந்தக்காரர் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். புதன்கிழமை வர வேண்டும், மொழிபெயர்க்க ஓர் ஆளையும் கூட்டிவர வேண்டும்.

தெரியாது என்று சொல்லுங்கள் என்று அம்மாவைக் கெஞ்சினேன்.

"கோயில் முழுக்கப் பாத்த சாமானைத் தெரியாது எண்டோ?" என்றவர், பத்தையும் ஒரு கேக் பெட்டியில் அடுக்கிக் கட்டினார். மொழிபெயர்க்க யார் என்று அவர் யோசிக்கவே இல்லை. வைத்தியரிடமும் குடிவரவு அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் எப்போதும் நான்தான்.

அந்தச் சின்ன அறையில் பாதுகாப்புப் பொறுப்பாளரும் ஒப்பந்தக்காரரும் இருந்தார்கள். நான் இவருடைய மகள் என்றதும் பொறுப்பாளர் என் அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பிரெஞ்சில் கேட்டதைத் தமிழிலும், அம்மா சொன்னதைப் பிரெஞ்சிலும் சொன்னேன். எங்கே எடுத்தது? குப்பைக் கூடையில். ஏன்? பாலன் பிறக்கிற இடத்தைச் சோடிக்க. அவர் முகம் கொஞ்சம் இளகியது. பெட்டியைத் திறந்து, ஒரு சீடியில் ஒட்டியிருந்த பளபளப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: வீட்டில் யாராவது இவற்றைக் கணினியில் போட்டார்களா?

அதை வேறு மாதிரித் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஒன்பது வயதிலிருந்து நான் ஒரு சொல்லையும் மாற்றியதில்லை. அப்படியே கேட்டுவிட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"ஓம். நீதானே ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு இருந்தனி. சொல்லு அவருக்கு."

பொறுப்பாளர் பேனையோடு காத்திருந்தார்.

"நோன்," என்று பிரெஞ்சில் இல்லையென்றேன். "ஒருவரும் போடவில்லை என்கிறார்."

அம்மா சொன்னது நீளம், நான் சொன்னது குறைவு. ஒப்பந்தக்காரர் நிமிர்ந்து பார்த்ததுபோல் இருந்தது. பொறுப்பாளர் எழுதினார். எழுதிய தாளை அம்மாவின் பக்கம் தள்ளினார். பிரதி எதுவும் எடுக்கப்படவில்லை என்று அதில் இருந்தது. நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அம்மா கையெழுத்து வைத்தார்.

மெற்றோ நிலையத்துக்குள் இறங்கினோம்.

"நான் ஓம் எண்டனான்," என்றார் அம்மா. "நீ நோன் எண்டாய். அவ்வளவு பிரெஞ்சு எனக்கும் விளங்கும்."

"உங்கடை வேலைக்காகத்தான், அம்மா."

"என்ரை வேலைக்கோ? அந்தச் சீடிக்கோ?"

ரயில் வந்தது. நான் முதலில் ஏறினேன்.

அம்மாவின் வேலை போகவில்லை. ஒப்பந்தக்காரர் அவரைப் புறநகரான புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்துக்கு மாற்றினார். மெற்றோவும் பிறகு இரண்டு பேருந்தும். விடியமுதல் புறப்பட்டார். என்னைக் குறை சொல்லவில்லை. பிரதியை இரண்டு இடத்தில் ஒளித்து வைத்தேன். அதைக் காப்பாற்றத் தெரிந்தவர்களிடம் கொடுத்தால், எங்கிருந்து வெளியே வந்தது என்று நிறுவனம் தேடும். தேடினால் முதலில் கிடைப்பது அம்மாவின் கையெழுத்து. தெரியாத இலக்கத்திலிருந்து தொலைபேசி வந்தால் இப்போதும் நான் எடுப்பதில்லை.

பாலன் பிறக்கும் நத்தாருக்கு முந்திய கிழமை அம்மா, பங்குக் குருவான சுவாமியிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்வந்தார். "என்ரையைச் சொல்லிப்போட்டன். உன்ரையை நீ போய்ச் சொல்லு," என்றார். நான் போகவில்லை. போனால் சுவாமி என்ன சொல்வார் என்று தெரியும். திருப்பிக் கொடு, அல்லது அழித்துவிடு என்பார். இரண்டும் என்னால் முடியாது.

நத்தார்ப் பூசையில் நற்கருணை வாங்க எங்கள் வரிசை எழும்பியது. சொல்லாத பாவத்தோடு அதை வாங்கக் கூடாது. அம்மா எனக்காக ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு முன்னால் போனார். மற்றவர்கள் போக வழிவிட்டு முழங்காலை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு நான் இருந்தேன். என்னைத் தாண்டிப் போன அன்ரி குனிந்து, சுகமில்லையோ பிள்ளை என்று கேட்டார்.

ஓம் என்றேன்.