மீனெண்ணெய் ஏப்பம்

என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது, மனுஷனுக்கு வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது என்பதுதான். அப்படிப்பட்ட ஆளைத்தான் நான் சந்தேகப்பட்டேன். அதுவும் இன்னொரு பெண்ணோடு சேர்த்து வைத்து. என்ன செய்வது, சந்தேகம் எனக்குத் தொழில் கொடுத்த குணம். நாங்கள் சலவைக்கடை வைத்திருக்கிறோம். கீழே கடை, மாடியில் வீடு. துணி வந்ததும் பாக்கெட்டுக்குள் கைவிட்டுப் பார்ப்பது, கறையை முகர்ந்து மையா எண்ணெயா என்று கண்டுபிடிப்பது, ஆள் பெயரைச் சீட்டில் எழுதித் துணியில் குத்துவது எல்லாம் நான். தேய்ப்பது அவர்.

நான் எழுதிக் குத்தும் சீட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். துணியைக் கையில் எடுத்ததுமே ஆளைச் சொல்லிவிடுவார். "இது பல் டாக்டர் சட்டை, இடது கை பட்டன் எப்பவும் தொங்கிட்டே இருக்கும்." "இது இசை வாத்தியாரோட கோட்டு. ஒரு தோள் மட்டும் தேஞ்சிருக்கு பாரு." வாடிக்கைக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கும் பெருமை தாங்காது. வெளியில் சாப்பிடப் போனால் மட்டும் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மெனு அட்டையைத் தொடாமல் என் பக்கம் தள்ளிவிட்டு, "நீ என்ன சாப்பிடுறியோ அதுவே எனக்கும்" என்பார். கல்யாணமான புதிதில் அதைக் காதல் என்று நினைத்து உருகிப்போனேன். பிறகு அது பழகிவிட்டது.

எங்களுக்கு ஒரே பெண். சிட்டு என்று கூப்பிடுவோம். வாயைத் திறந்தால் மூடமாட்டாள், கூட்டல் கழித்தலை மனதிலேயே போடுவாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஊமையாகிவிடுவாள். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் ஒரு வரியைத் தாண்டுவதற்குள் நாக்கு உலர்ந்துபோகும். அவளுடைய வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"சில பிள்ளைங்களுக்கு எழுத்து சீக்கிரம் பிடிபடாது. புத்திக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. இங்கேயே தனி வாசிப்பு வகுப்பு இருக்கு, அனுப்பி வைங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. வகுப்பிலிருந்து எழுந்து அவள் தனி அறைக்குப் போவதை மற்றப் பிள்ளைகள் பார்க்கமாட்டார்களா? "என் பொண்ணு என்ன மக்கா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு மேஜைவிரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டி வைத்த இடத்திலேயே நின்றது. கருகல் வாடை வந்த பிறகுதான் எடுத்தார். அவர் கையில் துணி கருகி நான் பார்த்ததே அன்றுதான்.

அப்புறம்தான் வாசிக்க வராத பிள்ளைகளுக்கு மூளைப் பயிற்சி கொடுக்கிற ஒரு மேடத்தைப் பிடித்தேன். ஒரு வாடிக்கைக்காரப் பெண்மணி சொல்லி அனுப்பினாள். மேடத்தின் மேஜைமேல் பிளாஸ்டிக்கில் ஒரு மூளை இருந்தது. அதை இரண்டாகப் பிரித்துக் காட்டி, "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசிக்கிறதில்லை, அவ்வளவுதான் பிரச்சினை" என்றார். பேச வைக்க மீனெண்ணெய் மாத்திரை, வால்நட், முட்டை. சர்க்கரை கூடாது, பால் கூடாது, ரொட்டி கூடாது. காலையும் மாலையும் ஆடும் பலகைமேல் நின்று வலது முழங்கையால் இடது முழங்காலைத் தொட வேண்டும், பிறகு கை மாற்றிக் கால் மாற்றித் தொட வேண்டும். கண் மட்டும் எதிரே தொங்கும் பந்தை விட்டு அசையக் கூடாது. தனி அறையும் இல்லை, யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து நான் போலீஸ்காரியாகிவிட்டேன். சிட்டு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்ப்பேன். பிறந்தநாள் விருந்து எதற்கும் அனுப்புவதில்லை. முதலில் அழுதாள், பிறகு அழுவதை விட்டுவிட்டாள். பலகைமேல் ஏறச் சொன்னால் ஏறினாள், இறங்கச் சொன்னால் இறங்கினாள். வாயாடிப் பெண் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அதைக்கூடப் பயிற்சியின் பலன் என்றுதான் நான் நினைத்தேன்.

மாத்திரை பாட்டில் தீர வேண்டிய நாளுக்கு வெகு முன்பே தீர்ந்துபோனது அப்போதுதான். புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் பாதியானது. எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. சிட்டுவைக் கேட்டேன். "நான் தொடலைம்மா, நீதானே கையில குடுக்கிறே" என்றாள். நம்பவில்லை. அடுத்த சந்தேகம் என் நாத்தனார்மேல் போனது. வீட்டுக்காரருக்கு அக்கா, அடுத்த தெருவில் இருக்கிறார். ஒளித்து வைத்துச் சாக்லேட் கொடுக்கிற கை அது.

"அண்ணி, மாத்திரையை எடுத்துத் தூரப் போட்டீங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

"எனக்கு வேற வேலை இல்லை பாரு! அவ அப்பனை உரிச்சு வச்ச மாதிரி இருக்கா. அவளைப் போய்ப் பலகையில ஏத்தி ஆட வைக்கிறியே" என்றார். மூக்கையும் நெற்றியையும்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த லட்சணத்தில் ஒருநாள் மத்தியானம் வீட்டுக்காரர் சாப்பிட மாடிக்கு வந்தார். உட்கார்ந்ததும் ஓர் ஏப்பம் விட்டார். மீன் வாடை! எங்கள் வீட்டில் அந்த வாரம் மீனே வாங்கவில்லை. கறையை முகர்ந்தே ஊர்க் கதையெல்லாம் சொல்லுகிற மூக்கு என்னுடையது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே ஏப்பம். "எங்கேங்க சாப்பிட்டீங்க?" என்றால், "எங்கேயும் இல்லையே" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். சிவந்திருந்தது.

அவ்வளவுதான், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. தொப்பை குறைந்திருக்கிறது. பாக்கெட்டில் வால்நட் ஓடு. மத்தியானம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு வெகுநேரம் காணாமல் போகிறார். யாரோ ஒருத்தி மீன் வறுத்துப் போடுகிறாள், இவர் அவளுக்காக உடம்பைக் குறைக்கிறார். குழந்தை மீன் வாடையோடு ஏப்பம் விட்டால் அது மாத்திரை, புருஷன் விட்டால் அது வேறு வீட்டுச் சாப்பாடு. என் கணக்கு அப்படி. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று ஒரு மத்தியானம் பின்பக்கப் படி வழியாகச் செருப்பில்லாமல் இறங்கினேன். கடைக்குள் மெல்லிய பேச்சுக் குரல் கேட்டது. வரிசையாகத் தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே கைவிட்டுச் சடக்கென்று விலக்கினேன். அங்கே ஒருத்தியும் இல்லை. சிட்டுவின் ஆடும் பலகைமேல் இவர் நின்றுகொண்டிருந்தார். வலது முழங்கை இடது முழங்காலில். கண் ஹேங்கரில் தொங்கிய ஒரு பந்தின்மேல். வாய் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தது. தேய்க்கும் மேஜைமேல் மாத்திரை பாட்டில் திறந்து கிடந்தது. என்னைக் கண்டதும் பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

"என்னங்க இது கூத்து!"

"இடுப்பு வலிம்மா. அதுக்குத்தான்."

"இடுப்பு வலிக்குக் குழந்தை மாத்திரையைத் திங்கச் சொல்லி யார் சொன்னா? அவளா?"

"எவ?" என்றார். உண்மையிலேயே விழித்தார். காது மட்டும் சிவந்திருந்தது. எழுந்து இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணப் போய்விட்டார். பெற்ற பிள்ளையின் மருந்தைத் திருடித் தின்கிறவன் ஒரு தகப்பனா என்று நான் சத்தம் போட்டது தெருவுக்கே கேட்டிருக்கும். அதற்குப் பிறகு மேடத்தைப் பார்க்கும் நாள் வரை அவரோடு நான் பேசவில்லை.

அன்று மூன்று பேருமாகப் போனோம். வழக்கமாகக் கடையைக் காரணம் சொல்லி நழுவுகிறவர் தானாகவே வந்தார். மேடம் சிட்டுவின் கையில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மழை நின்றதும் குருவிகள் கூட்டைவிட்டு வெளியே வந்தன என்கிற மாதிரி ஏதோ கதை. சிட்டு ஆரம்பித்தாள், நின்றாள், மறுபடி ஆரம்பித்தாள். கூட்டை என்ற இடத்தில் கூடை என்றாள். பிறகு குரலே வரவில்லை. அத்தனை மாதம் கழித்தும் முதல் நாள் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டுல கட்டுப்பாடு சரியில்லை. குழந்தை ஒளிச்சு வச்சு இனிப்புச் சாப்பிடுறா. இல்லைன்னா இப்படி இருக்காது. பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு வருஷம் நிறுத்திடுங்க. முழுநாளும் இங்கேயே விடுங்க, நான் பார்த்துக்கிறேன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்த அம்மாள் முன்னாலேயே சிட்டுவை இழுத்து நிறுத்தி, பாவாடைப் பாக்கெட்டைத் திருப்பிக் கொட்டினேன். பையை உதறினேன். ஊரார் சட்டையை உதறுகிற மாதிரியேதான் உதறினேன். ஒரு பென்சில் விழுந்தது, ஒரு ரப்பர் விழுந்தது. வேறொன்றும் விழவில்லை.

"சொல்லுடி, எங்கே வச்சுத் திங்கிறே?"

"நான் ஒண்ணுமே திங்கலைம்மா" என்றாள் சிட்டு. அழக்கூட இல்லை. "நான் மக்குதாம்மா. மாத்திரை மேல தப்பு இல்லை."

ஐயோ, அந்த வார்த்தை! என் கை அப்படியே நின்றுவிட்டது. இவர் எழுந்து வந்து, சிட்டுவின் கையிலிருந்த தாளை வாங்கினார்.

"மேடம், இதே மாத்திரையை நானும் முழுங்குறேன். அந்தப் பலகையிலயும் ஏறி ஆடுறேன். இவ ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லேயே நானும் ஆரம்பிச்சேன். இப்போ வாசிக்கிறேன், கேளுங்க."

"ம... மழை... நி... நின்... நின்றதும்..."

நான் ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் நெற்றியில் வேர்வை பொடித்தது. இஸ்திரி நீராவிக்கு நடுவே நாளெல்லாம் நிற்கிறவருக்கு, மின்விசிறி ஓடுகிற அறையில் வேர்க்கிறது.

"குரு... குருவிகள்... கூ... கூடை..."

அதே இடம். சிட்டு நின்ற அதே இடத்தில் நின்றார். சீட்டைத் திரும்பிப் பார்க்காத மனுஷன். மெனு அட்டையைத் தள்ளிவிடுகிற மனுஷன். ஊரார் பாக்கெட்டையெல்லாம் துழாவிப் பார்த்த எனக்கு, பக்கத்தில் படுத்திருந்தவரின் கஷ்டம் இத்தனை வருஷம் தெரியவில்லை.

"சின்ன வயசுல இருந்தே எனக்கு இப்படித்தான்" என்றார், என்னைப் பார்க்காமல். "அடிச்சாங்க, முட்டி போட வச்சாங்க, ஒண்ணும் நடக்கலை. அஞ்சாவதோட ஓடி வந்துட்டேன். என்கிட்ட இருந்துதான் இவளுக்கு வந்திருக்கு. எனக்குக் கேட்டா இவளுக்கும் கேக்கும்னு தின்னு பார்த்தேன். உடம்புக்கு நல்லாத்தான் இருக்கு. வாசிக்க மட்டும் வரலை. இவ திருடலை. இவளை உதறாதே."

மேடம் தொண்டையைச் செருமினார். "பெரியவங்களுக்கு டோஸ் வேற."

"அந்த டோஸை நீங்களே போட்டுக்குங்க" என்றேன். "உங்க மூளையோட ரெண்டு பக்கமும் நல்லா பேசிக்கட்டும்."

இந்தக் கூத்தெல்லாம் சிட்டு காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவள் அப்பாவின் இடுப்பை ஒட்டி நின்று, அவர் கையைக் கீழே இழுத்து, தாளைத் தன் உயரத்துக்குக் கொண்டுவந்தாள்.

"அது கூடை இல்லைப்பா. எனக்கும் அங்கேதான் மாட்டிக்கும். விரலை வச்சு, மெதுவாப் படி."

வெளியே வந்து நடந்தோம். நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய், அந்த டீச்சரிடம் தனி வகுப்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்பதாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "சீட்டு எழுதுற வேலைக்கு நீ கிடைச்சே. இல்லைன்னா என் பாடு என்ன ஆகியிருக்கும்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிக்க வரவில்லை. எனக்கும்தான்.

தெருமுனையில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. பசித்தது, உள்ளே போய் உட்கார்ந்தோம். கடைப்பையன் மெனு அட்டையைக் கொண்டுவந்து வைத்தான். பழக்க தோஷம், இவர் அதை என் பக்கம் தள்ளினார். நான் திருப்பி அவர் பக்கமே தள்ளினேன். சிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரை ஒட்டி உட்கார்ந்தாள். இரண்டு விரல் ஒரே வரியில் ஊர்ந்தன. கடைப்பையன் ஒரு முறை போய்விட்டு வந்தான், இன்னொரு முறை போய்விட்டு வந்தான். எடுத்துக் கொடுக்க வேண்டும் போல என் நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன்.

"கா... ளா... காளான்" என்றாள் சிட்டு.

"காளான் சூப்" என்று முடித்தார் இவர். வெட்கத்தில் காது நுனிவரை சிவந்திருந்தது. "எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். சாப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு."

காளான் வாடையே எனக்கு ஆகாது. அதனால் எங்கள் மேஜைக்கு அது ஒருநாளும் வந்ததில்லை.

கடைப்பையன் என் பக்கம் திரும்பினான். "உங்களுக்கு?"

"அவர் என்ன சாப்பிடுறாரோ அதுவே எனக்கும்" என்றேன்.