முத்திரை விழாத புத்தகம்

இரண்டாயிரங்களின் நடுவில் ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிளை நூலகத்தில் நூலகராக இருந்தேன். கிருஷ்ணகிரியில் எங்களுக்கு மூன்று நாள் புத்தாக்கப் பயிற்சி வைத்தார்கள். பழைய புத்தகங்களைக் கழிப்பது எப்படி என்ற பாடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள், மூன்று வருடமாக முத்திரை விழவில்லையென்றால் யாருக்கும் வேண்டாத புத்தகம், யோசிக்காமல் கழியுங்கள் என்றார் பயிற்சி கொடுத்தவர்.

சான்றிதழோடு திரும்பிய எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே வாரத்தில் நான்கு சாக்குகள் கட்டி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அதில் மின் வயரிங் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றும் போனது. அதன் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. நடுவில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. குப்பை என்று உதறிவிட்டுக் கட்டினேன்.

நைட் ஷிப்ட் முடித்து நேராக நூலகத்துக்கு வரும் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிக்காரர், கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. ஃபேன் காற்றுக்கு வருகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஷிப்ட் மாறிப் பத்து நாள் வராதவர், அன்று காலை அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றார்.

"யக்கா, இங்கன இருந்த வயரிங் புக்கு எங்க?"

"அத கழிச்சாச்சுங்க. யாரும் எடுக்கறதே இல்லீங்களே."

"நாந்தான் தெனமும் எடுக்கேம்லா. அடுத்த மாசம் வயர்மேன் பரீட்ச. பாதிதான் முடிச்சிருக்கேன்."

வீட்டுக்கு எடுத்துப்போக அவருக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. ஆறு பேரோடு ஒரு ரூமில் இருந்தவர். முகவரிக்குச் சான்று இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்ததே நான்தான். முத்திரை எங்கிருந்து விழும்? மறுநாளே கிருஷ்ணகிரிக்கு ஓடினேன். சாக்குகள் பழைய பேப்பருக்குப் போய்விட்டிருந்தன.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்று காலை சரிக்கா என்று சொல்லிவிட்டுப் போனவர் அப்புறம் வரவேயில்லை. அந்த இடத்தில் வேறு புத்தகம் வைக்க எனக்குக் கை வரவில்லை. மதியம் யாருமில்லாத நேரத்தில் "எடுக்கேம்லா" என்ற குரல் அந்தப் பக்கமிருந்து கேட்கும். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயந்திருக்கிறேன்.

அடுத்த பயிற்சியில் நானே எழுந்து சொன்னேன்: மேசையில் வைத்துப் படிக்கிற புத்தகங்களையும் தினமும் எழுதி வையுங்கள், அதைப் பார்க்காமல் எதையும் கழிக்காதீர்கள். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். பயிற்சி கொடுத்தவர் பாராட்டி, கைதட்டச் சொன்னார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

அந்தத் திருநெல்வேலிக்காரர் பரீட்சை எழுதினாரா, தெரியாது. நூலகத்தில் டியூப்லைட் மாட்ட எந்த வயர்மேன் வந்தாலும், ஏணியைப் பிடித்துக்கொண்டு முதலில் வந்தவர் முகத்தைத்தான் பார்க்கிறேன்.