அப்பாவின் பெண்குரல்

என் அப்பா கடைசி காலத்தில் ஒரு பெண்ணின் குரலில்தான் பேசினார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மலையாளக்காரி. குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பேசுகிற மாதிரி சுத்தமான குரல். இத்தனை பொறுமையாகப் பேசுகிறாளே, இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது என்று அம்மா சொல்வாள்.

அப்பாவின் சொந்தக் குரலைத் தொண்டைப் புற்று கொண்டுபோய்விட்டது. எறணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துக்கொண்டு ஆளை மட்டும் திருப்பித் தந்தார்கள். அதுவரை அந்தக் குரல் எங்கள் கொச்சங்காடித் தெருக்களுக்கே பொதுச் சொத்து. பஜாரில் அரிசி மொத்தக் கடை ஒன்றில், மூட்டை இறக்குகிறவர்களோடு நாள் முழுக்கக் கத்திப் பழகிய தொண்டை. போனில் பேசினால், எதிர்ப்பக்கம் ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ அவ்வளவு சத்தம் வேண்டும் என்பது அவர் கணக்கு. பாலக்காட்டு அத்தை என்றால் உட்கார்ந்து கத்துவார். துபாய் என்றால் எழுந்து நின்றுகொள்வார். “இவருக்கு எதுக்குப் போன், ஜன்னலத் தொறந்தா போதாதா?” என்று பக்கத்து வீட்டுச் சேட்டன் கேட்பார்.

அப்படிப்பட்ட மனிதர் கழுத்தில் ஒரு ஓட்டையும் அதை மறைக்க ஒரு துணியுமாக வீட்டுக்கு வந்தார். முதலில் கைதட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். “நான் என்ன காக்காவா, கையத் தட்டறதுக்கு?” என்று அம்மா சண்டைக்குப் போனாள். சிலேட்டில் எழுதிக் காட்டினார். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் அவருக்குக் கோபம் வந்து அழித்துவிடுவார். எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, பயமாகத்தான் இருந்தது.

நான் ஜூ டவுன் என்கிற பழைய யூதர் தெருவில் ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். டைப் செய்தால் படித்துக் காட்டுகிற ஆப் இருக்கிறது என்று அங்கே கூட வேலை செய்கிற பெண்தான் சொன்னாள். அன்று சாயங்காலமே அப்பாவின் போனில் ஏற்றினேன். முதலில் தமிழ்க் குரலைப் போட்டேன். நான் தமிழில் ஏதோ டைப் செய்ய, போன் கணீரென்று படித்தது. அப்பா கேட்டுவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரில் காகிதம் இருப்பது போலப் பாவனை செய்தார். செய்தி வாசிக்கிறாளாம். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார்.

அதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அப்பாவுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. மட்டாஞ்சேரியில் பல தலைமுறையாக இருக்கிற எங்களைப் போன்ற வீடுகளில் தமிழ் நாக்கில் உண்டு, கையில் கிடையாது. படித்தது எல்லாம் மலையாளம். எனக்கே தமிழ் எழுத்து வளர்ந்த பிறகு நானாகக் கற்றுக்கொண்டதுதான்.

சில நாள் கழித்து நான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். “எடீ, ஒரு சாயா கொண்டா” என்று முன்னறையிலிருந்து ஒரு பெண் சொன்னாள். அம்மா யாரோ வந்திருக்கிறார்கள் என்று புடவையைச் சரிசெய்துகொண்டு போனாள். அப்பாதான். மலையாளக் குரலை வைத்து, எங்கள் வீட்டுத் தமிழை அப்படியே மலையாள எழுத்தில் டைப் செய்திருந்தார். அது தமிழ் என்று போனுக்குத் தெரியாது. தெரியாமலே இழுத்து, மலையாள ராகத்தில், நாங்கள் பேசுகிற அதே தமிழைப் பேசிவிட்டது. சென்னைக்குப் போனால் மலையாளியா என்று கேட்பார்களே, அந்தத் தமிழ். அம்மா சிரிக்க ஆரம்பித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். அப்பா வெற்றி பெற்ற மாதிரி அதையே திரும்பத் திரும்ப ஒலிக்க விட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் நாங்கள் நாலு பேர்.

சண்டைதான் கெட்டுப்போனது. அப்பா பதிலை டைப் செய்து முடிப்பதற்குள் அம்மா அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பாள். கேஸ் சிலிண்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, “உங்க அண்ணன் மட்டும் யோக்கியமா” என்று அந்தப் பெண் சாந்தமாகக் கேட்பாள். கடையில் மீன் வாங்கும்போது மீன்காரர் அப்பாவைப் பார்க்காமல் போனைப் பார்த்துப் பேசுவார். அப்பா முகத்தில் எரிச்சல் பொங்கும், குரலில் ஒரு துளி ஏறாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சொந்தத் தொண்டை இருந்தவரை அந்த மனிதர் அம்மாவின் சமையலை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் இடது கையால் தடவித் தடவி டைப் செய்தார். “இன்னிக்கு மொளகூட்டல் நல்லாருக்கு” என்றது போன். அம்மா திரும்பிக்கொண்டு சட்டுவத்தை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினாள்.

அடிக்கடி சொல்வதை எல்லாம் பட்டன்களாக வைத்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்து நான்தான் செய்துகொடுத்தேன். தொட்டால் போதும், பேசிவிடும். சாயா, யாரு வந்தது, டிவியக் குறை, சாப்பிட்டியா. இதையெல்லாம் எங்கே வைத்தாலும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. “வீட்டுக்குப் போலாம்” என்பதை மட்டும் கீழே வலது மூலையில், கட்டை விரல் தானாக விழுகிற இடத்தில் வைக்கச் சொன்னார். கண்ணால் பார்க்காமலே அழுத்த வேண்டுமாம்.

காரணம் ஊருக்கே தெரியும். கல்யாண வீட்டில் பாயசம் குடித்த கை காய்வதற்குள் அப்பாவுக்கு வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அம்மாவுக்கோ அப்போதுதான் பேச்சே தொடங்கும். முன்பு வாசலில் நின்று கத்துவார். இப்போது பெண்கள் கூட்டத்தில் அம்மாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்று அழுத்துவார். “வீட்டுக்குப் போலாம்.” “அக்கா, உங்க வீட்டுச் சின்னவ கூப்பிடறா, போங்கோ” என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், “இதோ வரேன்” என்பாள். இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள் என்று அதற்கு அர்த்தம். திரும்பவும், “வீட்டுக்குப் போலாம்.” திரும்பவும், “இதோ வரேன்.” இது எங்கள் குடும்பத்தில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கி, அப்பாவை ஐசியூவில் சேர்த்தோம். வாசலில் அவருடைய வேட்டி, வாட்ச், கண்ணாடி எல்லாம் ஒரு பையில் வந்தன. கூடவே போனும். கண்ணாடியை மட்டும் பிறகு அவருக்கு வேண்டும் என்று உள்ளே வாங்கிக்கொண்டார்கள்.

நான் அங்கே நின்று சண்டை போட்டேன். அது போன் இல்லை, அவர் குரல் என்றேன். காது கேட்காதவர் வந்தால் காது மிஷினைக் கழற்றி வாங்குவீர்களா என்று கேட்டேன். வாசலில் இருந்தவர் கெட்டவர் இல்லை. “போன் போன்தன்னே, சேச்சி. உள்ளே கொண்டுபோவான் பற்றில்ல” என்று, உள்ளே விட முடியாததை வருத்தத்தோடுதான் சொன்னார். நர்ஸ் ஒரு பேனாவும் அட்டையும் கொடுத்துப் பார்த்தாளாம். அப்பாவின் கை நடுங்கி, கோடுகள்தான் வந்தன. என் அப்பா இரண்டாவது தடவையாகக் குரல் இல்லாமல் போனார். இந்தத் தடவை அதை எடுத்தது எந்த வியாதியும் இல்லை. நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது.

உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள், அதுவும் கொஞ்ச நேரம். அம்மா போனாள். திரும்பி வந்தவள் வலது உள்ளங்கையைப் புடவையில் தேய்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். “என் கையப் பிடிச்சு மூஞ்சிக்கு நேரா வெச்சிண்டு, போன்ல பண்றாப்பல விரலால தொட்டுத் தொட்டு என்னமோ சொன்னார். ஒண்ணும் புரியல” என்றாள். நாளைக்குப் போகும்போது எப்படியாவது போனை மறைத்துக் கொண்டுபோ என்று நான் சொன்னேன். மறுநாள் விடிவதற்கு முன்பே அப்பா போய்விட்டார். போன் அம்மாவின் பைக்குள் முழுச் சார்ஜோடு இருந்தது.

செத்தவர்களின் குரல் மெல்ல மறந்துபோகும் என்பார்கள். எங்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அந்தப் பெண், இல்லை அவளைப் போலவே பேசுகிற இன்னொருத்தி, ஊர் முழுக்க இருந்தாள். சாயாக்கடையில் யாராவது போனில் பணம் அனுப்பினால், வந்துவிட்டது என்று கல்லாவுக்குப் பக்கத்துப் பெட்டியிலிருந்து சொன்னாள். ஆட்டோக்காரரின் போனிலிருந்து இடது பக்கம் திரும்பச் சொன்னாள். ஒருநாள் படகுத்துறையில், படகு வரத் தாமதமாகும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தாள். அம்மா என் கையை உதறிவிட்டுத் திரும்பி நின்றாள். அந்தக் கூட்டத்தில் அவள் யாரைத் தேடினாள் என்று எனக்குத் தெரியும். நானும் திரும்பித்தான் பார்த்திருந்தேன்.

பிறகு அம்மா அந்தப் போனை எடுத்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். சாயங்காலம் விளக்கு ஏற்றிவிட்டு, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன்களை அழுத்துவாள். “சாப்பிட்டியா” என்று அது கேட்கும். “ஆச்சு” என்பாள். “யாரு வந்தது” என்று கேட்கும். “யாருமில்ல, பால்காரன்” என்பாள். சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குக் கை ஓடாது. கீழ் மூலைப் பட்டனை மட்டும் அவள் தொடுவதில்லை. கல்யாணங்களில் அது அவளை அவ்வளவு தொந்தரவு செய்திருக்கிறதே, அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அந்தக் குரல், அப்பா சொல்லி நான் கேட்டிராத ஒன்றைச் சொன்னது.

“எனக்குப் பயமில்ல.”

கையிலிருந்த தம்ளரை அப்படியே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி டைப் செய்துகொண்டிருந்தாள். செய்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒலிக்க விட்டாள். “வலியெல்லாம் போயிடுத்து.” இல்லை என்பது போலத் தலையை ஆட்டினாள். அடுத்த நாள் வேறு. “நீ என்னை நல்லாப் பாத்துண்ட.” அதற்கும் தலையை ஆட்டினாள். அவள் உள்ளங்கையில் அப்பா என்ன டைப் செய்தார் என்று தேடுகிறாள் என எனக்குப் புரிந்தது. புரிந்ததும் பாவமாக இருந்தது. தினமும் கேட்கக் கேட்கக் கோபமாகவும் வந்தது. வீட்டுக்குள் அப்பா இல்லாத அப்பா ஒருவர், புதிது புதிதாக ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தால் மனிதர்கள் எப்படிச் சோறு தின்பது?

மழை விடாமல் பெய்த ஒரு சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. போய் அவள் முன்னால் உட்கார்ந்து வலது கையை நீட்டினேன்.

“நீயா ஒண்ணொண்ணா அடிச்சுப் பாக்க வேண்டாம். அப்பா எங்கெல்லாம் தொட்டார்னு காட்டு. என்ன எழுத்துன்னு நான் கண்டுபிடிக்கறேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்து, விரல்கள் மேலே இருக்கும்படி நிமிர்த்தித் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். கட்டை விரலுக்குக் கீழே சதை மேடாக இருக்கிற இடத்தில் விரலால் தொட்டாள். எடுத்தாள். அதே இடத்தில் தொட்டாள். விரல் அடுத்து எங்கே நகரும் என்று காத்திருந்தேன். நகரவில்லை. அதே இடம். மறுபடியும் அதே இடம்.

இத்தனை நாளும் நான் கீபோர்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத்துகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் மடியிலிருந்த போனை எடுத்து, பட்டன்கள் தெரிகிற மாதிரி என் உள்ளங்கையில் வைத்தேன். கட்டை விரலின் அடிப்பக்கம், வலது மூலை.

“அம்மா, இது வீட்டுக்குப்...”

திரையில் படுவதற்கு முன் அவள் விரலை இழுத்துக்கொண்டாள்.

“தெரியும்டீ. அன்னிக்கே தெரியும்” என்றாள். “வேற ஏதாவது சொல்லியிருக்கப்படாதான்னுதான் இத்தன நாளா பாக்கறேன்.”

கேட்கக் கூடாததைத்தான் கேட்டேன். “அதுக்கு நீ என்ன சொன்னே?”

அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள்.

“நர்ஸ் நேரமாச்சுன்னா. கல்யாணத்துல சொல்றதேதான் வாயில வந்தது. இதோ வரேன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.”